நியான் குழாயை வளைத்தவர் பெயரையும் எழுதுங்கள்

கலைக்கூடக் காப்பாட்சியர்களுக்கும், படைப்பின் பக்கத்தில் ஒட்டும் விவர அட்டைகளை எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி. பிரிட்டிஷ் கலைஞர் ட்ரேசி எமின் போன்றவர்களின், வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் விளக்கால் எழுதிய நியான் வாசகங்களுக்கு நீங்கள் வைக்கும் அட்டையில் கலைஞர் பெயர், ஆண்டு, அப்புறம் 'நியான்' என்ற சொல், பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கிறது. அந்தக் குழாயை நெருப்பில் வளைத்தவர் யார், எந்தப் பட்டறை என்பதையும் சேருங்கள்.

எமினின் நியான்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர் வளர்ந்த மார்கேட் இங்கிலாந்தின் ஒரு கடற்கரை ஊர், காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களின் நியான் பலகைகள் மின்னிய இடம். வா, காசைப் போடு என்று கூவுவதற்காகவே இருந்த விளக்கு அது. அதே விளக்கை எடுத்து, ஒருவர் காதில் மட்டும் சொல்லக்கூடியதை ஊருக்கே தெரியும்படி சொல்ல வைத்தார். 'உன்னை நேசிப்பதை நான் நிறுத்தவே இல்லை' என்று 2010-இல் மார்கேட் துறைமுகத்தருகே ஒரு பழைய கட்டடத்தில். அதற்கு முன் 2008-இல், லிவர்பூல் ஆங்கிலிகன் பேராலயத்தின் மேற்கு வாசலுக்கு மேலே, இளஞ்சிவப்பில், உன்னை உணர்ந்தேன், நீ என்னை நேசித்தாய் என்று அறிந்தேன் என. 2018-இல் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் 20 மீட்டர் நீளத்துக்கு, 'உன்னோடு எனக்கான நேரம் வேண்டும்'. ஐரோப்பாவிலிருந்து வரும் ரயில்கள் வந்து நிற்கும் இடத்தில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் பிரிந்துபோகும் ஆண்டுகளில், அந்த வரி தனி ஒருத்தியின் ஏக்கத்தைத் தாண்டிப் போனது.

இவை எல்லாமே அவருடைய கையெழுத்தில் இருக்கின்றன. நம்மை உலுக்குவதில் பாதி அந்தக் கையெழுத்துதான். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கொசுத் 1965-இல் நியானில் வார்த்தைகளை வைத்தபோது அவை அச்செழுத்து போன்ற நேரான எழுத்துகள், யார் எழுதியது என்ற கேள்வியே அங்கே எழாது. எமினிடம் எழுகிறது. அவசரத்தில் எழுதியது போன்ற அந்தச் சாய்வையும் நெளிவையும் பட்டறையில் ஒருவர் கண்ணாடியில் கொண்டுவர வேண்டும். வடிவத்தைப் பெரிதாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிய தாளை விரித்து, குழாயைத் தீயில் காட்டி, அது இளகி நிற்கும் சில நொடிக்குள் வளைத்து, வளைவில் குழாய் நசுங்காமலிருக்க ரப்பர் குழல் வழியாக வாயால் ஊதிக்கொண்டே செய்கிற வேலை இது. பிறகு இரு முனைகளிலும் மின்முனை பொருத்தி, காற்றை உறிஞ்சி, உயர் அழுத்த மின்சாரம் பாய்ச்சிச் சூடேற்றி அழுக்கை வெளியேற்றி, அதன்பின்தான் வாயுவை நிரப்புகிறார்கள். சிவப்பு ஆரஞ்சுக்கு நியான், நீலத்துக்குப் பாதரசம் கலந்த ஆர்கான். ஒரு வளைவு தவறினால் அந்தத் துண்டு குப்பைக்குத்தான். தான் அனுபவிக்காத வலியின் எழுத்தை, அதன் நடுக்கம் கெடாமல், இடவலம் மாற்றிப் படித்து வளைக்கிறார் அந்தப் பட்டறைக்காரர்.

கருத்து கலைஞருடையது, மற்றவர் கூலிக்குச் செய்தவர் என்று சொல்வீர்கள். சரி, கருத்து எமினுடையதுதான், அதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் அச்செடுத்த ஓவியங்கள் போன்ற அச்சுப் படைப்புகளுக்கு நீங்களே வேறு வழக்கம் வைத்திருக்கிறீர்களே! நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் அச்சுத் தொகுப்பைப் பாருங்கள், கலைஞரோடு அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் பதிவாகியிருக்கும். அதனால் எந்தக் கலைஞரின் மதிப்பும் குறைந்துவிடவில்லை.

கடைப் பலகைகள் எல்இடிக்கு மாறிவிட்டன. இந்த வேலையைக் கற்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். நாளை உங்கள் சுவரில் ஒரு குழாய் உடைந்தால் அதே கையெழுத்தை மறுபடி வளைக்க யாரைத் தேடுவீர்கள்? பழுதுபார்த்தவர் பெயரும் பதிவேட்டில் ஏறட்டும், எந்த எழுத்து புதிது என்பதும்.

அடுத்த கண்காட்சிக்கான அட்டைகளை அச்சுக்குக் கொடுக்கும் முன், பட்டறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். தனிப் பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் பட்டறையின் பெயரையாவது போடுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வையாளர்