ஷிப்ட் முடிந்த பிறகு பிசியோதெரபி கிடைக்குமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் தீராத கழுத்து வலி பற்றி வந்ததைப் படித்தேன். செல்போனைக் குனிந்து பார்க்காதீர்கள், கம்ப்யூட்டரைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள் என்று எழுதியிருந்தது. சரி, ஆனால் ஊசியையும் துணியையும் கண் மட்டத்துக்கு உயர்த்த முடியாதே! நான் திருப்பூரில் பேட்லாக் (பனியன் துணி தைக்கும் ஒரு வகை மெஷின்) டெய்லர். ஒன்றரை ஷிப்ட் என்றால் 12 மணி நேரம் குனிந்த தலை நிமிராது. எங்கள் லைனில் கழுத்து வலி இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எனக்கு வலி வலது தோளில் இறங்கி, கட்டை விரல் மரத்துப்போகிற அளவுக்கு வந்தது. ஒரு தனியார் கிளினிக்கில் முதல் நாளே எம்.ஆர்.ஐ., ஊசி, கழுத்துப் பட்டை எல்லாம் ஆயிற்று. ரிப்போர்ட்டில் 'டிஸ்க் தேய்மானம்' என்றிருந்ததைப் பார்த்து வீடே பயந்துவிட்டது. பிறகு பார்த்த அரசு டாக்டர் கையின் பலத்தைச் சோதித்தார், முழங்கையில் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். வலியே இல்லாதவர்களுக்கும் நாற்பது வயதுக்கு மேல் ஸ்கேனில் இந்தத் தேய்மானம் தெரியும் என்றார். நாள்கணக்கில் பட்டை போட்டால் கழுத்துத் தசை பலமிழந்துவிடும் என்று கழற்றச் சொன்னார். வலி மாத்திரையும் கொஞ்ச நாளைக்குத்தான். தொடர்ந்து போட்டால் வயிறும் கிட்னியும் கெடலாம். மற்றபடி அவர் எழுதிக் கொடுத்த மருந்து பிசியோதெரபிதான்.

அங்கே கற்றுக்கொடுத்தவை எளிய பயிற்சிகள். தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருப்பது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது. பார்த்தால் சுலபம், செய்யும்போது நம்மை அறியாமல் தோள் மேலே ஏறிவிடும். பக்கத்தில் நின்று திருத்த ஒருவர் வேண்டும். வாரக்கணக்கில் விடாமல் செய்த பிறகுதான் மரத்துப்போவது நின்றது.

எல்லாக் கழுத்து வலியும் பயிற்சியில் தீரும் என்று சொல்லவில்லை. கையில் பிடித்த கத்தரி நழுவுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்படவில்லை என்றால் தண்டுவடம் அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆபரேஷன் தேவைப்படலாம். காய்ச்சலோடு வரும் வலி, விழுந்து அடிபட்ட பின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. அப்புறம், சலூனில் கழுத்தை 'சடக்'கென்று திருப்பிவிடச் சொல்லும் தம்பிகளே, தயவுசெய்து வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

என் கோரிக்கை இதுதான். பிசியோதெரபி நடக்கும் பகல் நேரம் நாங்கள் மெஷினில் இருக்கும் நேரம். பீஸ் ரேட்டில் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) தைப்பவர் அரை நாள் போனால் அரை நாள் கூலி போச்சு. அதனால்தான் பலர் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்தி, வலி மாத்திரைக்கே திரும்புகிறார்கள். எங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். டாக்டர் ஓய்வு எழுதித் தந்தால், போதுமான நாட்கள் இ.எஸ்.ஐ. சந்தா கட்டியிருப்பவர்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், வருடத்துக்கு 91 நாள் வரை. இது தெரியாமலேயே பலர் வலியோடு தைக்கிறார்கள்; கம்பெனி நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும்.

பனியன் கம்பெனிகள் நிறைந்த இந்த ஊரில் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலாவது மாலை 6 மணிக்கு மேலும் ஞாயிறு காலையிலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருக்கட்டும். வேலை செய்யும் இடத்துக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்க 2024-ல் தமிழக அரசு 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் வரும் குழுவோடு ஒரு பிசியோதெரபிஸ்ட்டையும் அனுப்பினால், மெஷின் பக்கத்திலேயே எங்கள் உட்காரும் விதத்தையும் ஸ்டூல் உயரத்தையும் பார்த்துத் திருத்த முடியும். மாவட்ட நிர்வாகம் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பேட்லாக் டெய்லர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.