தேய்க்காதீர்கள், கொஞ்சம் பேசுங்கள்: கருத்தடை ஊசி போடுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கருத்தடை ஊசி போடும் செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

வரும் செவ்வாய்க்கிழமை என் தங்கை உங்களில் ஒருவரிடம் வருவாள். குழந்தை பிறந்து ஒன்பது வாரம் ஆகிறது, தாய்ப்பால் கொடுக்கிறாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் போட்டுக்கொள்வதென்று முடிவெடுத்திருக்கிறாள். நான் தடுக்கவில்லை. அதே ஊசியை மூன்று ஆண்டுகள் போட்டுக்கொண்டவள் நான். நல்ல மருந்து என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஊசி உடம்புக்குள் போன பிறகு, பயந்து பயந்து, ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டவை. அவளுக்கு அந்தப் பாடு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் முதல் ஊசி ஒரு நிமிடத்தில் முடிந்தது. பெயர் கேட்டார்கள், சட்டைக் கையை மேலே ஏற்றச் சொன்னார்கள், குத்தினார்கள். செவிலியர் பஞ்சை வைத்து அந்த இடத்தை வட்டமாக நன்றாகத் தேய்த்துவிட்டார். அன்பான கை, குறை சொல்ல மாட்டேன். நான் எழுந்திருப்பதற்குள் "அடுத்தவர்" என்று குரல் போய்விட்டது. அந்தத் தேய்ப்பைச் செய்யவே கூடாது என்பது எனக்கு ஓராண்டு கழித்துத்தான் தெரிந்தது.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், உடன் வாசிக்கும் பெண்களுக்காகச் சொல்கிறேன். டி.எம்.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மருந்து தண்ணீரில் கரைந்து கிடக்கும் மருந்து அல்ல. நுண்ணிய துகள்களாக மிதந்துகொண்டிருப்பது. அதனால்தான் குப்பியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காவிட்டால் துகள் அடியில் தங்கி, போய்ச் சேர வேண்டிய அளவு போய்ச் சேராது. தசைக்குள் போன 150 மில்லிகிராம் அங்கேயே குடியிருந்து, மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து இரத்தத்தில் சேர வேண்டும். தேய்த்தால் சீக்கிரம் கரைந்துவிடும். கடைசி வாரங்களுக்குப் போதாமல் போகலாம். இத்தனை எளிய விஷயம். ஆனால் எல்லா ஊசிக்கும் தேய்த்துப் பழகிய கை இந்த ஊசிக்கும் தேய்த்துவிடுகிறது.

அந்தக் குடியிருப்புதான் என் மற்ற பேச்சுக்கெல்லாம் அடிப்படை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக் காலை நிறுத்திவிடலாம். காப்பர்-டியைக் கழற்றிவிடலாம். ஊசியை மட்டும் திரும்ப எடுக்க முடியாது. ஒத்துக்கொள்ளாத பெண் அந்த மூன்று மாதத்தையும், சில வேளை அதற்கு மேலும், பொறுத்துத்தான் ஆக வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இடம் தராத மருந்து இது.

எனக்கு ஒன்பதாம் நாள் உதிரப்போக்கு தொடங்கியது. பெருக்கெடுக்கவில்லை, சொட்டுச் சொட்டாக, பழுப்பாக, சில நாள் சிவப்பாக. நாள்காட்டியில் சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தேன். 41 புள்ளிகள். இருபதாவது புள்ளியில் போய்க் கேட்டேன். "அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். உண்மைதான், அப்படித்தான் இருக்கும்! முதல் சில மாதங்கள் ஒழுங்கற்ற உதிரப்போக்கு இந்த ஊசியில் மிகவும் வழக்கம். பெரும்பாலும் உடம்புக்குத் தீங்கில்லை. நாளாக நாளாகக் குறையும். இதே வாக்கியத்தை ஊசிக்கு முன் சொல்லியிருந்தால் அது தகவல். இருபது நாள் பயந்து ஓடிவந்தவளிடம் சொன்னபோது அது கதவடைப்பாகத்தான் கேட்டது. அதோடு, தொல்லை கொடுக்கும் உதிரப்போக்கை ஐந்து நாள் போல மெஃபெனமிக் அமிலம், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் மட்டுப்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆகாது. நீங்கள் பார்த்துத்தான் தர வேண்டும். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதையே எனக்கு யாரும் சொல்லவில்லை.

"அப்படித்தான் இருக்கும்" என்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. வழக்கமான மாதவிடாயைப் போல இரண்டு மடங்கு போனாலோ, இரண்டு மடங்கு நாள் நீடித்தாலோ அதைக் கடும் உதிரப்போக்காகக் கொண்டு பார்க்க வேண்டும். இரத்தசோகை இருக்கிறதா, வேறு காரணம் இருக்கிறதா என்று தேட வேண்டும். எது பொறுத்துக்கொள்ளக்கூடியது, எதற்கு ஓடிவர வேண்டும் என்ற கோட்டை நீங்கள்தான் வரைந்து காட்ட முடியும்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு எனக்கு நேர்மாறாக ஆயிற்று. மாதவிடாயே நின்றுவிட்டது. கர்ப்பமோ என்று இரண்டு முறை வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன். இரண்டு முறையும் ஒற்றைக் கோடு. அடுத்து வந்த பயம் அதைவிடப் பெரிது: கெட்ட இரத்தமெல்லாம் உள்ளே தேங்கிக் கட்டியாகிவிடும் என்று வீட்டில் மூத்தவர்கள் சொன்னார்கள். நானும் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். படித்தவள் என்று பெயர்.

ஒரு தாளில் கருப்பையை வரைந்து காட்ட உங்களுக்கு அரை நிமிடம் ஆகுமா? இந்த ஊசி சினைமுட்டை முதிர்ந்து வெளிவராமல் தடுக்கிறது. கருப்பை வாயின் சளியைக் கெட்டிப்படுத்துகிறது. கருப்பையின் உள்படலத்தை மெலிதாகவே வைத்திருக்கிறது. மாதாமாதம் உரிந்து வருவது அந்தப் படலம்தான். அது தடிக்கவே இல்லையென்றால் உரிவதற்கு ஒன்றுமில்லை, தேங்குவதற்கும் ஒன்றுமில்லை. மருந்தோடு வரும் விவரத்தாளின்படி ஓராண்டு தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், இரண்டாண்டில் 68 விழுக்காட்டினருக்கும் மாதவிடாய் நின்றுவிடுகிறது. பாதிப் பேருக்கு மேல் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லாமல் விடுவதை மறதி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதிக உதிரப்போக்கால் இரத்தசோகைப்பட்டுக் கிடந்த பெண்ணுக்கு இதுவே வரப்பிரசாதம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாமே.

தேதிக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே உண்டு. ஐந்தாவது ஊசிக்குப் பத்து நாள் தாமதமாகப் போனேன். "தேதி தவறிவிட்டது, மாதவிடாய் வந்ததும் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு மாதமாக மாதவிடாயே வராதவளிடம் சொன்ன பேச்சு இது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மூன்று மாத ஊசியை உரிய தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலும் போடலாம், நான்கு வாரம் பின்னாலும் போடலாம். நெட்-என் என்ற இரண்டு மாத ஊசிக்கு இரண்டு வாரம் வரை தாமதம் பொறுக்கலாம். அதற்கும் மேலே போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. கர்ப்பம் இல்லையென்று உறுதி செய்துகொண்டு போட்டுவிட்டு, ஏழு நாள் ஆணுறையும் பயன்படுத்தச் சொன்னால் போதும். நான் வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் அட்டையைப் பார்த்தார், நாளை எண்ணினார், அன்றே போட்டார். அவர் தேய்க்கவும் இல்லை. நான் வியப்போடு பார்த்ததைக் கண்டு காரணத்தைச் சொன்னவரும் அவர்தான்.

சரியான தேதிகளில் தவறாமல் போட்டால் ஆண்டுக்கு ஆயிரம் பெண்களில் இரண்டு பேர்தான் கருவுறுவார்கள். நடைமுறையில், நாள் தவறுவதையும் சேர்த்துப் பார்த்தால், அது நூற்றுக்கு நான்கு பேர் வரை போகிறது. இருபது மடங்கு! மருந்தின் குறை இல்லை அது. அட்டையில் தேதி எழுதாத குறை, தாமதமாக வந்தவளைத் திருப்பி அனுப்பும் குறை.

ஊசி எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா, வந்ததுண்டா? காரணம் தெரியாத உதிரப்போக்கு உண்டா? பக்கவாதம், மாரடைப்பு, காலில் இரத்தம் உறைதல், கடுமையான கல்லீரல் நோய்? இரத்த அழுத்தத்தை அளந்துவிடுவது நல்லது. 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தால் பொதுவாக இந்த ஊசி வேண்டாம் என்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்குப் பிரசவமாகி ஆறு வாரமாவது போகட்டும் என்பதும் வழிகாட்டுதலில் இருக்கிறது. என் தங்கை அதைக் கணக்கிட்டுத்தான் வருகிறாள். என்னிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி "எந்தக் கை?" என்பதுதான்.

உடல் எடையைப் பற்றிக் கேட்டால் பலர் சிரித்து மழுப்புகிறீர்கள். அதே விவரத்தாளில் முதலாண்டில் சராசரியாகச் சுமார் இரண்டரைக் கிலோ கூடியதாக இருக்கிறது. சராசரி என்றால் சிலருக்கு ஒன்றுமே கூடாது, சிலருக்கு அதைவிட நிறையக் கூடும். எனக்கு நான்கு. தலைவலி, மனச்சோர்வு, உறவில் நாட்டம் குறைதல் ஆகியவையும் சிலரிடம் காணப்படுகின்றன. கடைசியாகச் சொன்னதை எந்தப் பெண்ணும் தானாக வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். நீங்கள் கேட்டால் ஒருவேளை சொல்வாள்.

எலும்பு விஷயத்தை மட்டும் தயவுசெய்து பயமுறுத்தாமலும் மறைக்காமலும் சொல்லுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும் காலத்தில் எலும்பின் அடர்த்தி குறைகிறது. நிறுத்திய பிறகு பெரும்பாலும் மீள்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் இதற்கென்று கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது: வேறு முறை எதுவும் பொருந்தாவிட்டால் தவிர, இரண்டாண்டுக்கு மேல் வேண்டாம் என்று. உலக சுகாதார நிறுவனம் 18 முதல் 45 வயது வரை கால வரம்பு வைக்கவில்லை. அதற்குக் கீழும் மேலும் இருப்பவர்களுக்கு நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. இரண்டு பெரிய அமைப்புகள் இரண்டு விதமாகப் பேசுகின்றன என்பதைப் பெண்களால் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்காதீர்கள். எலும்பு வளர்ந்துகொண்டிருக்கும் வயதுப் பெண்ணிடமும், ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் எடுப்பவளிடமும் இந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் நீளட்டும்.

புதிய செய்தியும் ஒன்று உண்டு. பிரான்சில் செய்யப்பட்டு 2024இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்த ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டுக்கொண்ட பெண்களில், அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கான மெனிஞ்சியோமா என்ற மூளை உறைக் கட்டிக்கான வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் அதிகமிருப்பதாகக் கண்டது. ஐந்து மடங்கு என்றதும் நெஞ்சு திக்கென்றது எனக்கு. அது அரிதான கட்டி. அரிதானதன் ஐந்து மடங்கும் அரிதுதான் என்று ஒருவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் தூங்கினேன். ஆனாலும் விடாத தலைவலி, பார்வை மங்கல் என்று ஒரு பெண் வந்தால் இதை நினைவில் வைத்துப் பாருங்கள். முன்பே மெனிஞ்சியோமா வந்தவளா என்று கேட்டுவிடுங்கள்.

நிறுத்திய பிறகு என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்று திட்டமிடும் பெண்ணுக்கு இது உகந்த முறை இல்லை. கடைசி ஊசியிலிருந்து கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம் ஆகிறது. சிலருக்கு அதைவிட நெடுநாள். நிரந்தர மலட்டுத்தன்மை வருவதில்லை. நான் நிறுத்திப் பதினான்கு மாதம் கழித்துத்தான் மகள் வயிற்றில் தங்கினாள். அந்தப் பதினான்கு மாதமும் என் வீட்டில் அந்த ஊசிக்குக் கிடைத்த வசவுகளை எழுதினால் தாள் போதாது. "தாமதமாகும், ஆனால் வரும்" என்று அட்டையின் ஓரத்தில் யாராவது கிறுக்கியிருந்தால் அதை எடுத்து நீட்டியிருப்பேன்.

இத்தனையும் சொன்னால் யாரும் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரியும். என் அனுபவம் வேறு. என்னோடு முதல் ஊசி போட்டுக்கொண்ட இருவர் இரண்டாவது ஊசிக்கு வரவே இல்லை. ஒருவர் சொட்டுப்போக்குக்குப் பயந்தார்; மற்றவர் மாதவிடாய் நின்றதற்குப் பயந்தார். சொல்லாமல் விட்டதால் போனவர்கள் அவர்கள். இந்த மருந்தைக் கருத்தடைக்கு அனுமதிக்கக் கேட்டு அமெரிக்காவில் 1967இல் விண்ணப்பித்தார்கள், 1978இல் மறுப்பு, 1992இல்தான் ஒப்புதல். கால் நூற்றாண்டு வாதாடி எடை போட்ட ஒன்றை ஒரு பெண் ஒரு நிமிடத்தில் எடை போட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

உங்கள் வரிசை நீளம் என்பதையும் அறிவேன். பேச நேரமில்லை என்றால் ஒரு தாளில் அச்சடித்துக் காத்திருக்கும் இடத்திலேயே கொடுங்கள்; உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வாசிப்போம். இந்த ஊசி பால்வினை நோயைத் தடுக்காது, அதற்கு ஆணுறைதான் என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும்.

தங்கையை உங்களுக்கு எளிதில் அடையாளம் தெரியும். கையில் நான்காக மடித்த தாள் வைத்திருப்பாள். கேள்விகள் என் கையெழுத்தில் இருக்கும். கொஞ்சம் கிறுக்கல், பொறுத்து வாசியுங்கள். அவளாக வாய் திறந்து கேட்கக் கூச்சப்படுவாள். ஊசி போட்டதும் பஞ்சை வைத்து மெல்ல அழுத்துங்கள். அடுத்த தேதியை எழுதி, அதன் கீழே எத்தனை நாள் வரை தாமதிக்கலாம் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பன்னிரண்டு முறை கை நீட்டிய ஒருத்தி