களத்தில் நிற்பது மட்டும்தான் சேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொண்டு நிறுவன வேலைக்கு வரும் இளைஞர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அதில் பேசியவர்கள் எல்லோரும் களப்பணியாளர்கள். நான் நாகப்பட்டினத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்காளர். பி.காம். படித்தவள்.

2004 சுனாமியில் எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை மீனவர் கிராமத்துக்கு உதவப் போனவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இரண்டு வார்த்தை பேச எனக்கு நா எழவில்லை. கூட வந்த அக்கா ஒருவர் நீளமான ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து, "நீ உட்கார்ந்து எழுதும்மா" என்றார். ரேஷன் கார்டெல்லாம் கடலோடு போயிருந்தது. பெயர், தெரு, வீட்டில் மிச்சம் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பிறகு விதவைகளுக்கு உதவித்தொகை மனு போட அந்த ரிஜிஸ்டர்தான் கைகொடுத்தது. நானும் இந்த வேலையிலேயே தங்கிவிட்டேன்.

"கணக்குத்தானே, கம்பெனியில் எழுதினால் சம்பளமாவது கூட வரும்" என்று அண்ணன் இன்றும் சொல்வார். சம்பள விஷயத்தில் அவர் சொல்வது சரிதான். ஆனால் இங்கே கணக்கு பிசகினால் பிள்ளைகளின் மாலை வகுப்பே நின்றுபோகும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-இல் திருத்தி, அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். எது நிர்வாகச் செலவு, எது திட்டச் செலவு என்று பிரித்து எழுதுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

களத்திலிருந்து வரும் பஸ் டிக்கெட்டில் மை சீக்கிரமே வெளுத்துவிடும். உடனே ஜெராக்ஸ் எடுத்து வவுச்சரில் ஒட்ட வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் ரசீது என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கப் போனால், புதிதாக வருபவர்கள் "மேடம், நாங்க மக்களோட வேலை பார்க்க வந்தோம்" என்கிறார்கள். (ஆடிட்டர் வரும் வாரத்தில் மட்டும் என்னைத் தேடி வருவார்கள்!)

சமூகப்பணி மாணவர்களைக் களப்பயிற்சிக்கு அனுப்பும் கல்லூரிகள், சில நாட்களாவது அவர்களைக் கணக்கு மேஜையில் உட்கார வைக்கட்டும். கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் பிள்ளைகள், இந்தத் துறை நமக்கு ஒத்துவராது என்று பாதியில் கிளம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இங்கே வேலை இருக்கிறது. அதே போல, பி.காம். மாணவர்களிடம் இப்படி ஒரு வேலை இருப்பதையே யாரும் சொல்வதில்லை. எங்களிடம் உதவிக் கணக்காளர் இடம் காலியாகி வெகுநாளாகிறது. இதுவரை ஒரு விண்ணப்பம்கூட வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகப்பட்டினம்.