பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர்: மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் பொறுப்பேற்றிருக்கும் பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியை மாலையில் அழைத்துவரப் போகும்போது, மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய் வாசலில் நிற்பது வழக்கம். வாசலுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. கடைக்காரரின் முகம் தெரியாத அளவுக்குத் தகரக் கூரையிலிருந்து பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. சிவப்பு, பச்சை, ஊதா எனக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள், சிலவற்றினுள் இலவசப் பொம்மை. ஒன்று ஐந்து ரூபாய், மற்றொன்று பத்து ரூபாய். மணி அடித்த ஐந்தாவது நிமிடத்தில் அந்தச் சரங்களில் பாதி காலியாகிவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் அவற்றின் உறைகள் பள்ளிச் சுவரோரச் சாக்கடையில் கிடக்கும். உங்களுக்கு இந்த மடலை எழுதவேண்டும் என்று தோன்றியது அங்கே நின்றுகொண்டிருந்தபோதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதே மாதிரியான வாசல்களில் ஓர் ஆச்சி ஓலைப்பெட்டியுடன் உட்கார்ந்திருப்பார். உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மாங்காய்க் கீற்று, நெல்லிக்காய், கொடுக்காப்புளி, அவித்த கடலை, தை மாதமானால் பனங்கிழங்கு என்று பருவத்துக்கு ஏற்ப அந்தப் பெட்டி மாறும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஈ மொய்க்கும், சவ்வு மிட்டாயில் எந்தச் சாயம் கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, வயிற்றுப்போக்கு வந்த பிள்ளைகளை நானே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பெட்டியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை எந்த மரத்தில், எந்தச் செடியில் விளைந்தவை என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையால்கூடச் சொல்ல முடிந்தது. இன்று தொங்கும் பாக்கெட்டுகளைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளையாலும் சொல்ல முடியாது. ஆசிரியையான என்னாலும் உறையைப் படிக்காமல் சொல்ல முடிந்ததில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில் அதை ஒரு பாடமாகவே நடத்திப் பார்த்தேன். இடைவேளை முடிந்ததும் குப்பைத்தொட்டியிலிருந்த உறைகளைக் கழுவி, மேசையில் பரப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலை உரக்க வாசிக்கச் சொன்னேன். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது பட்டியலில் முதலில் வரவேண்டும் என்பது சட்டம். பிஸ்கட் உறைகளில் திரும்பத் திரும்ப முதல் மூன்று இடங்களில் மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகியவையே வந்தன. ‘சிறுதானிய’ என்று முன்பக்கத்தில் பெரிதாக அச்சிட்ட ஒன்றிலும் மைதாவே முதலிடத்தில் இருந்தது, சிறுதானியம் வெகுதூரம் தள்ளி நின்றது. ஆரஞ்சுச் சுளைப் படம் போட்ட கிரீம் பிஸ்கட் உறையை வாசித்து முடித்த பையன், “டீச்சர், இதுல ஆரஞ்சே இல்லையே!” என்றான். அதற்குப் பதிலாகச் செயற்கைச் சுவையூட்டியும் நிறமியும் சில எண்களும் இருந்தன. அந்த எண்கள் எல்லாமே நஞ்சு என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. 322 என்பது எண்ணெயும் நீரும் பிரியாமல் கலந்திருக்க உதவும், பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின், அதனால் ஒருவருக்கும் உடனே எதுவும் ஆகிவிடாது. நான் கேட்டது ஒரே கேள்விதான்: இந்தப் பட்டியலில் உங்கள் வீட்டு அடுக்களையில் இல்லாதவை எத்தனை?

அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு என்று இன்று பேசப்படுவதன் சாரமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. பதப்படுத்துவது தவறு என்றால் நம் வீட்டில் ஒன்றுமே மிஞ்சாது. வடாம், வற்றல், கருவாடு, ஊறுகாய், அவல், ஏன், புளித்த இட்லி மாவும் பதப்படுத்தியவைதான். பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மான்டெய்ரோ 2009-இல் முன்வைத்து, பிறகு தம் குழுவினருடன் நோவா என்ற பெயரில் நான்கு பிரிவுகளாக வளர்த்தெடுத்த வகைப்பாட்டில், நம் ஊறுகாய், உப்போ எண்ணெயோ சர்க்கரையோ சேர்த்து எளிதாகப் பதப்படுத்தியவை அடங்கும் மூன்றாம் பிரிவோடு நின்றுவிடும். நான்காம் பிரிவில் வருபவை வேறு வகை. தானியத்தையும் கிழங்கையும் எண்ணெய் வித்தையும் மாவுச்சத்து, சர்க்கரைப்பாகு, புரதம், கொழுப்பு எனத் தனித்தனியாகப் பிரித்து, அவற்றை ஆலையில் மீண்டும் கூட்டி, இழந்த மணத்தையும் நிறத்தையும் மொறுமொறுப்பையும் வெளியிலிருந்து சேர்த்து, மாதக்கணக்கில் கெடாதபடி அடைத்து விற்கும் பண்டங்கள் அவை. இந்த வகைப்பாட்டில் குறை காண்பவர்களும் உண்டு; உறையிலிட்ட முழுக்கோதுமை ரொட்டியும் சோடா பானமும் ஒரே பிரிவில் விழலாமா என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பள்ளி வாசலில் தொங்கும் சரத்தைப் பொறுத்தவரை அந்த விவாதத்துக்கு வேலையே இல்லை.

சர்க்கரையும் கொழுப்பும் உப்பும்தானே பிரச்சினை, அவை வீட்டு முறுக்கிலும் உண்டே என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் அதீதப் பதப்படுத்தல் உணவும் இரண்டு வாரம் எளிய சமையல் உணவும் கொடுத்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பரிமாறிய இரு வகை உணவிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஆகியவை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டு, வேண்டும் அளவு சாப்பிடலாம் என்று விட்டுவிட்டார்கள். முதல் வகையைச் சாப்பிட்டபோது அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடை கூடியது. மற்ற வகைக்கு மாறியபோது அதே அளவு குறைந்தது. பாக்கெட்டைக் காலி செய்த பிறகும் கையை விட்டு உதறாமல் அடியில் ஒட்டிய தூளை நக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

நம் நாட்டின் நிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 விழுக்காடு தவறான உணவுமுறையால் வருவதாகக் கணித்து, அதீதமாகப் பதப்படுத்தப்பட்டவற்றைக் குறைக்கும்படி வெளிப்படையாகவே சொல்கிறது. நாளொன்றுக்குச் சர்க்கரை 20 முதல் 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்பதும் அதன் அறிவுரை. குழல் செருகிக் குடிக்கும் மாம்பழ பானங்களில் பலவற்றில் 100 மில்லிக்கு 12 முதல் 15 கிராம் வரை சர்க்கரை இருக்கிறது. 150 மில்லிப் பெட்டி ஒன்றைக் குடித்துவிட்ட பிள்ளைக்கு அன்றைக்கான கணக்கு அநேகமாக அங்கேயே முடிந்துவிடுகிறது.

மருத்துவர்களுக்கோ ஆலை முதலாளிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பள்ளி உணவு தொடர்பாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-இல் ஒழுங்குமுறை விதிகளை அறிவித்தது. 2021 ஜூலை 1 முதல் அவை நடைமுறையில் உள்ளன. நிறைகொழுப்போ (சாச்சுரேட்டட் ஃபேட்), மாறுபக்கக் கொழுப்போ (டிரான்ஸ் ஃபேட்), சேர்த்த சர்க்கரையோ, உப்போ மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது, விளம்பரப்படுத்தவும் கூடாது என்று அவை சொல்கின்றன. ‘அதீதப் பதப்படுத்தல்’ என்ற சொல் விதியில் இல்லை. ஆனால் அந்தச் சரத்தில் தொங்குபவற்றில் பெரும்பகுதி சர்க்கரையாலோ கொழுப்பாலோ உப்பாலோ விதிக்குள் மாட்டிக்கொள்ளும். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருட்களை விற்கக் கூடாது என்பதற்குப் பள்ளிச் சுவரில் பலகை இருக்கிறது, சாலையில் மஞ்சள் கோடு போட்ட ஊர்களும் உண்டு. இந்த 50 மீட்டருக்குக் கோடும் இல்லை, பலகையும் இல்லை. மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலர் இருக்கிறார், ஒன்றியங்களுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். உணவகம், இறைச்சிக்கடை, எண்ணெய்ச் செக்கு என்று அவர்கள் பார்க்கவேண்டியவை ஏராளம். நாள்தோறும் அந்த 50 மீட்டரைக் கடந்து செல்பவர்கள் நீங்கள். கல்வி உரிமைச் சட்டம் உங்கள் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும் என்று சொன்னது இத்தகைய காரியங்களுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

மேலிருந்து வரும் சமிக்ஞைகள் நமக்கு உதவுவதாகவும் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கும் சாக்லேட்டுக்கும் 18 விழுக்காட்டிலிருந்தும், பொட்டலக் காரவகைகளுக்கும் உடனடி நூடுல்ஸுக்கும் 12 விழுக்காட்டிலிருந்தும் சரக்கு மற்றும் சேவை வரி 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. சோடா பானங்களுக்கோ 40 விழுக்காடு என்ற உயர்ந்த வரி. சோடாவை ஒறுக்கவேண்டும் என்று புரிந்தவர்களுக்கு மற்றவை ஏன் புரியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: இந்த முயற்சி தாய்மார்களைக் குறைசொல்வதாகத் தொடங்கிவிடக் கூடாது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் விடியுமுன் எழுந்து, இலை வெட்டி, சோறு பொங்கி, தட்டை மடியில் வைத்து உட்காரும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிறது. கையில் வைக்கும் பத்து ரூபாய் அந்தத் தாயின் அன்பு. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலையை அந்தக் கைக்கு அளவெடுத்துத் தைத்தது வேறு யாரோ.

அதேபோலக் கடைக்காரரையும் விரோதியாக்க வேண்டாம். நான் அவரிடம் பேசினேன். சுண்டல் மாலைக்குள் விற்காவிட்டால் கொட்டவேண்டும், பாக்கெட் நான்கு மாதம் தாங்கும். சரக்கு வண்டி வாரந்தோறும் கடை வாசலுக்கே வந்து கடனுக்கும் போட்டுவிட்டுப் போகிறது. ஓலைப்பெட்டிக்கு அப்படி யார் வருவார்? அவர் சொல்வது கணக்கு. அந்தக் கணக்கை மாற்றாமல் சோதனைக்கு ஆளை மட்டும் அழைத்துவந்தால், சரம் ஒரு வாரம் கடைக்குள்ளே போய்த் திரும்பவும் வெளியே வரும். உங்கள் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவிடமோ அந்தக் கடைக்காரரிடமோ நாளொன்றுக்கு இத்தனை பொட்டலம் அவித்த கடலை, இத்தனை கொய்யா, இத்தனை வாழைப்பழம் நிச்சயம் விற்கும் என்று பெற்றோர்கள் சேர்ந்து முன்கூட்டியே சொல்லிவிட்டால், கெட்டுப்போகும் என்ற அச்சத்தில் பாதி நீங்கிவிடும். ஐந்து ரூபாய்க்கு ஒரு கை சுண்டல் கட்டுப்படியாகாது என்பவர்களுடன் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டுப் பார்க்கத் தயார்.

பள்ளிக்குள் செய்யவேண்டியவற்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தைக் கடலை மிட்டாய்க்கு மாற்றலாம். வெல்லமும் சர்க்கரைதான் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி மிட்டாயில் ஒரு கைக் கடலையாவது உள்ளே போகிறது. விளையாட்டு விழாவுக்குப் பானமோ பிஸ்கட்டோ இலவசமாகத் தருகிறோம், பதாகை கட்டிக்கொள்கிறோம் என்று வருபவர்களுக்கு நன்றி சொல்லித் திருப்பி அனுப்பலாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நான் கலந்துகொண்ட குழுக் கூட்டங்கள் பலவற்றில் தேநீருடன் தட்டில் வந்தது கிரீம் பிஸ்கட்டே. பிள்ளைகளின் உணவைப் பற்றித் தீர்மானம் போடும் மேசையில் அது இருக்கும்வரை நம் பேச்சுக்கு மரியாதை இருக்காது.

1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982-இல் சத்துணவாக விரிந்ததும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவும் நம் பிள்ளைகளுக்குச் சூடாகச் சமைத்த சோற்றையும் சாம்பாரையும் முட்டையையும் தருகின்றன. காலை இடைவேளையில் பாக்கெட் தின்ற பிள்ளை மதியம் கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவதைச் சத்துணவு ஊழியர்கள் என்னிடம் பலமுறை சொல்லி வருந்தியிருக்கிறார்கள். பள்ளிக்குள் அரசு சமைத்துப் போடுவதைப் பள்ளி வாசலில் இன்னொருவர் பத்து ரூபாய்க்குத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள்நிரலில் இதை முதலாவதாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசலிலிருந்து 50 மீட்டரை அளந்து, அந்த எல்லைக்குள் எத்தனை கடைகள் உள்ளன என்று எழுதி, கடைக்காரர்களையும் அதே கூட்டத்துக்கு அழைத்துப் பேசி, தீர்மானத்தின் நகல் ஒன்றை மாவட்ட நியமன அலுவலருக்கு அனுப்புங்கள். என் பேத்தியின் பள்ளியில் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் வருகிறேன். மறுமுனையைப் பிடிக்க எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை அனுப்பிவைக்கும்படி தலைமையாசிரியரிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்