பெட்டிக்குள் இருக்கும் ஆள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ கேட்டதற்குப் போனில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பாதியில் உன் அம்மா வாங்கிப் பேச ஆரம்பித்துவிடுகிறாள், அப்புறம் எங்கே விட்டேன் என்று எனக்கே மறந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து சாவகாசமாகப் படி.

உன்னை வீடியோ சேகரிக்கிற குழுவுக்கு மாற்றியிருக்கிறார்கள். ரோபோவுக்குக் கைவேலை பழக்க, ஆட்கள் வேலை செய்வதைப் படம் பிடித்து வாங்கப் போகிறீர்கள். இந்தியாவில் எடுத்தால் செலவு குறைவு. "இது தப்பாப்பா?" என்று கேட்டாய். தப்பு என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்கு வேலை மிச்சம். அப்படித் தோன்றவில்லை. முழுக்கச் சரி என்றும் சொல்ல வாய் வரவில்லை.

இந்த வேலை நம் கரூருக்கே வந்துவிட்டது, உனக்குத் தெரியுமா கண்ணு? 2025இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் துண்டு மடிக்கிறார்கள். வலப்பக்கக் கூடையிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும், உதற வேண்டும், மடிக்க வேண்டும், மேசையின் இடது மூலையில் வைக்க வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினாலோ வரிசை தப்பினாலோ மறுபடி முதலிலிருந்து. இயந்திரம் மனிதன் மாதிரி நடந்துகொள்வதற்காக முதலில் மனிதன் இயந்திரம் மாதிரி நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. துண்டும் பெட்ஷீட்டும் திரைச்சீலையும் நெய்து, மடித்து, பெட்டி கட்டி அனுப்பியே பிழைத்த ஊர் இது. இப்போது துணி இங்கேயே இருக்கிறது, மடிப்பு மட்டும் கப்பலேறுகிறது.

செய்தியைப் படித்துக் காட்டியபோது அம்மா சிரித்தாள். "ஏனுங்க, துண்டு மடிக்கறதுக்கா படிச்ச பசங்க?" என்றாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் எத்தனை வருடம் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் நின்றாள் என்று உனக்குத் தெரியும். அப்புறம் அவள் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மடிக்கும்போது கண் பார்ப்பது பாதி, விரல் பார்ப்பது மீதி. நூல் இழுத்திருப்பது, ஓரத் தையல் விட்டிருப்பது, ஈரம் முழுதாகக் காயாமல் இருப்பது எல்லாம் விரலுக்குத்தான் முதலில் தெரியும். பீஸைத் தள்ளி வைத்த பிறகுதான் ஏன் தள்ளினோம் என்று கண் பார்க்கும். "இதெல்லாம் அந்தக் கேமராவுல வருமா?" என்றாள். வராது. நெற்றியில் கட்டிய கேமராவுக்குத் தொடு உணர்வு கிடையாது. உன் கம்பெனிக்கு இதைச் சொல்வதற்கு நீ காசு கேட்கலாம்.

நான் பௌதிகம் நடத்தினவன், எனக்கு இதில் வியப்பு வேறு மாதிரி. 1997இல் டீப் ப்ளூ என்ற கணினி சதுரங்கத்தில் காஸ்பரோவைத் தோற்கடித்தது. 2010இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து ரோபோ ஒன்று முன்பின் பார்க்காத துண்டுகளை மடித்துக் காட்டியது. சாதனைதான், ஆனால் ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 25 நிமிடம். உலக சாம்பியனை வென்று 13 வருடம் கழித்து, ஒரு துண்டுக்கு 25 நிமிடம்! அம்மாவின் மேசையில் வேலை பார்த்திருந்தால் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். சதுரங்கக் காய்க்குக் கட்டம் உண்டு, விதி உண்டு. துணிக்கு நிலையான வடிவமே கிடையாது. நான்கு முனைகளில் எது எங்கே மடங்கிக் கிடக்கிறது என்று ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட வேண்டும். நமக்குக் கடினமானது இயந்திரத்துக்கு எளிது, நமக்கு எளிது அதற்குக் கடினம் என்று ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ ஆய்வாளர் 1988இலேயே எழுதிவிட்டார்.

சாட்ஜிபிடி மாதிரியான மென்பொருளுக்கு இணையத்தில் மனிதர்கள் எழுதிக் குவித்தது கிடைத்தது. கைவேலைக்கு அப்படி ஒரு குவியல் எங்கேயும் இல்லை. அதனால்தான் கரூருக்கு வருகிறார்கள். அதாவது இவ்வளவு காலம் படிக்காதவன் வேலை என்று கூலியைக் குறைத்து வைத்திருந்தது எதுவோ, அதுதான் உங்கள் ஆய்வுக்கூடங்களில் கிடைக்காத சரக்கு. இதை நான் கொஞ்சம் சந்தோஷத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்து, உங்கள் ரோபோவுக்கு ஏன் மனித உருவம்? தறி நெசவாளியைப் போல இருக்காது. இதுவரை வந்த இயந்திரம் எதுவும் தான் யாருடைய வேலையை எடுத்துக்கொண்டதோ அவர் மாதிரி உடுத்திக்கொண்டு வந்ததில்லை. வீடும் படிக்கட்டும் கதவுக் கைப்பிடியும் மனித உடம்புக்குக் கட்டியவை, அதனால் உடம்பும் அப்படி என்று நீ சொன்னாய். ஒத்துக்கொள்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. பாடம் நடத்துவது ஐந்து விரல் கை என்றால் மாணவனுக்கும் ஐந்து விரல் இருப்பது வசதி. ஆனால் முகம் எதற்கு? கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் 1950இல் எழுதிய கட்டுரையில், இயந்திரம் சிந்திக்குமா என்று பார்ப்பதற்கு அதற்குச் செயற்கைச் சதையை மாட்டுவதில் பெரிய பயன் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். இப்போது உங்கள் துறை சதையை மாட்டுவதற்குத்தான் அவசரப்படுகிறது.

முகம் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு முகமே இல்லாத காலத்துக் கதை ஒன்று போதும். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் என்ற பேராசிரியர் எலிசா என்று ஒரு சின்ன நிரல் எழுதினார். நாம் தட்டச்சு செய்வதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளருக்கு அவர் அதை மாதக்கணக்காக உருவாக்கியது தெரியும். தெரிந்தும், அதனோடு கொஞ்சம் பேசிய பிறகு அந்தச் செயலாளர் வைசன்பாமையே அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். வைசன்பாம் அதற்கப்புறம் தன் துறையையே எதிர்த்து எழுதுகிறவராக மாறினார். வெறும் எழுத்துக்கே இப்படி என்றால், கண்ணும் இமையும் வைத்த பொம்மைக்கு மனிதர்கள் எவ்வளவு இளகுவார்கள்? 2017இல் சோஃபியா என்ற ரோபோவுக்கு சவுதி அரேபியா குடியுரிமையே கொடுத்தது. நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர் அங்கே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வருடக்கணக்காகக் கிடந்திருக்கிறார்கள். பொம்மைக்கு ஒரே நாளில் கிடைத்தது.

அதற்கு உணர்வு வருமா, புரியுமா என்று நீயும் உன் சிநேகிதர்களும் விடிய விடியப் பேசுவதாகச் சொன்னாய். பேசுங்கள், நல்லதுதான். ஜான் சர்ல் என்ற தத்துவப் பேராசிரியர் 1980இல் சொன்ன சீன அறைக் கதையை நீதான் எனக்கு விளக்கினாய். உள்ளே ஒருவர், சீனம் தெரியாது. கையில் ஒரு விதிப் புத்தகம். வெளியிலிருந்து வரும் சீட்டுக்கு அதைப் பார்த்துப் பதில் எழுதி நீட்டுகிறார். வெளியே இருப்பவர் உள்ளே சீனம் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று நம்புகிறார். புரிதல் இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருடமாகச் சண்டை. எனக்கு வேறு ஒரு சந்தேகம்: அந்த விதிப் புத்தகத்தை யார் எழுதினார்கள்? சீனம் தெரிந்த யாரோதான் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அவர்களைப் பற்றிக் கதையில் ஒரு வரியும் இல்லை.

நான் படித்த வரையில் இந்தத் துறையின் கதை முழுக்க அந்த இல்லாத வரிதான். 1770இல் கெம்பெலன் என்பவர் வியன்னா அரண்மனையில் சதுரங்கம் ஆடும் துருக்கிப் பொம்மையைக் காட்டினார். ஐரோப்பாவே வாய் பிளந்தது. பெட்டிக்குள் ஒரு ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். 2005இல் அமேசான், இணையத்தில் சில்லறை வேலைகளை ஆட்களிடம் பிரித்துக் கொடுக்கும் சேவை ஒன்றைத் தொடங்கி அதற்கு அந்தப் பொம்மையின் பெயரையே, மெக்கானிக்கல் டர்க் (இயந்திரத் துருக்கியன்) என்று வைத்தது. ஒளிக்கக்கூட இல்லை! கணினிக்குப் பார்வை கொடுத்ததாகச் சொல்லும் இமேஜ்நெட் என்ற படத் தொகுப்பின் ஒரு கோடியே 40 லட்சம் படங்களுக்கும் அதன் வழியே ஆட்கள்தான் உட்கார்ந்து பெயர் குறித்தார்கள். 2025 அக்டோபரில் 1எக்ஸ் நிறுவனம் நியோ என்ற வீட்டு ரோபோவை 20,000 டாலருக்கு அறிவித்தது. அதற்குத் தெரியாத வேலை வந்தால், எங்கோ ஒரு ஊழியர் கண்ணில் திரையை மாட்டிக்கொண்டு தொலைவிலிருந்து அதை இயக்குவார். இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும் என்பாய். ஆகலாம். அதுவரை அந்தத் திரையை மாட்டிக்கொண்டு உட்காரப்போவது யார்? அமெரிக்க வீட்டின் பாத்திரத்தை நம் ஊர் ஆள் ராத்திரி ஷிப்டில் இங்கிருந்தே கழுவி வைக்கும் காலம் வரும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உழைப்பு போகும், ஆள் போக வேண்டாம். விசாவே தேவையில்லை.

இன்னொரு விதமாகவும் ஆள் உள்ளே இருக்கிறார். 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பியில், இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் தானியங்கிச் சோதனைக் கார் மோதியது. அவர் இறந்துபோனார். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே கார் அவரைக் கவனித்துவிட்டது. ஆனால் வாகனமா, சைக்கிளா, வேறு ஏதாவதா என்று மாற்றி மாற்றி முடிவெடுத்துக்கொண்டிருந்தது. நிறுவனத்தின் மேல் கிரிமினல் வழக்கு இல்லை என்று 2019இல் அரசு வழக்கறிஞர் தரப்பு சொல்லிவிட்டது. காருக்குள் மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த ஊழியர் 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர் சாலையைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். அதற்காக மற்றவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? உங்கள் ரோபோ நாளைக்கு ஒரு கிழவியைத் தூக்கும்போது கீழே போட்டால், "மடித்துக் காட்டினவன் சரியாகக் காட்டவில்லை" என்று கரூர்ப் பையன் மேல் கை நீளாது என்று உன்னால் சொல்ல முடியுமா?

அந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். நிழலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. சாயப்பட்டறையை விட எவ்வளவோ மேல். ஆனால் சாயப்பட்டறையால் இந்த ஊர் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறது: ஷிப்மெண்ட் போய்விடும், பணமும் வந்துவிடும், சாயம் மட்டும் அமராவதி ஆற்றில் நிற்கும். விலை பேசும்போது அந்தத் தண்ணீர் கணக்கில் வரவே இல்லை. இந்த வீடியோவுக்கும் விலை பேசும்போது எது கணக்கில் வரவில்லை என்று நீ பார்க்க வேண்டும். மடிக்கிறவருக்கு மணிக்கணக்குக்குக் கூலி. அந்த மடிப்பு ஒருமுறை உள்ளே போய்விட்டால் எத்தனை ஆயிரம் ரோபோவில் எத்தனை வருடம் ஓடும்? அப்புறம் வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றால், கற்றுக்கொண்டதிலிருந்து ஒருவருடையதை மட்டும் பிரித்து எடுப்பது லேசில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய்.

இதற்கு வழியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நம் சினிமாவில் பாட்டு எழுதுகிறவருக்கும் இசையமைப்பவருக்கும் ஒரு தடவை பணம் கொடுத்தால் தீர்ந்தது என்றுதான் ரொம்ப காலம் இருந்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். திரையரங்கில் படத்தோடு ஓடுவது தவிர வேறு எங்கே அந்தப் பாட்டு பயன்பட்டாலும் ராயல்டியில் அவர்களுக்குச் சமபங்கு. அந்தப் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று கையெழுத்து போட்டாலும் செல்லாது. கடைசி வரிதான் முக்கியம். பணம் தேவைப்படுகிறவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்து போடுவான் என்று தெரிந்து எழுதிய சட்டம் அது. துண்டு மடிப்பது கவிதை இல்லை என்பார்கள். அம்மா மடித்து அடுக்கியதை நீ பார்த்திருக்கிறாய்.

உன்னை ராஜினாமா செய்யச் சொல்லவில்லை கண்ணு. நீ விலகினால் அந்த நாற்காலியில் இதைப் பற்றி யோசிக்காத ஒருவர் உட்காருவார், அவ்வளவுதான் நடக்கும். நீ அங்கேயே இருந்து கொஞ்சம் தொந்தரவு கொடு. ஒப்பந்தம் தமிழில் இருக்கிறதா என்று கேள். எதற்குப் பயன்படப்போகிறது என்று அதில் எழுதியிருக்கிறதா, வீட்டுக்குள் எடுத்தால் குறுக்கே வரும் குழந்தைகளின் முகம் என்ன ஆகும், ரோபோ விற்றால் மடித்தவருக்கு ஒரு சின்னப் பங்காவது உண்டா என்று கேள். அம்மாவின் கேள்வி இன்னும் நேரடியானது: ஒரு மணி நேர வீடியோவுக்கு உங்கள் கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது, நடுவில் இருப்பவர்கள் எடுத்தது போக மடித்தவர் கையில் எவ்வளவு வருகிறது? பீஸ் ரேட்டில் வாழ்ந்தவளுக்கு முதலில் அதுதான் தோன்றும்.

ஒப்பந்தத்தின் நகலை வெளியே காட்டக் கூடாது என்றால் வேண்டாம். காட்டலாம் என்றால் அனுப்பு, தமிழில் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். பங்கு என்ற பேச்சுக்கு உங்கள் வக்கீல் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன். அப்படியானால் என்ன காரணம் சொன்னார் என்று மட்டும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா