அந்த ஒரு பக்கப் படிவம்: அமெரிக்காவில் சிறு நிறுவனம் நடத்தும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஆண்டுதோறும் உங்கள் குழு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் பணியாளர் எண்ணிக்கையைக் கேட்டு ஒரு படிவம் அனுப்புகிறது. சம்பளப் பட்டியலில் 24 பேர் இருக்க, காப்பீட்டில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணி 9 என்று எழுதிவிடும் உரிமையாளர்கள் நம்மிடையே உண்டு. இத்தகைய கணக்குகளைப் பார்ப்பதே என் தொழில் என்பதால், அந்த எண் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

65 வயதைக் கடந்தும் வேலையில் இருப்பவருக்கு, நிறுவனத்தில் 20 பேருக்குக் குறையாமல் இருந்தால், உங்கள் காப்பீடே முதலில் பணம் செலுத்த வேண்டும். முதியோர் முதலியோருக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதன் பிறகே வரும். நடப்பு ஆண்டிலோ முந்தைய ஆண்டிலோ 20 வாரங்கள் அந்த எண்ணிக்கை இருந்தாலே போதும் என்பதும், பகுதிநேரப் பணியாளரும் அதில் அடங்குவர் என்பதும், ஒரே உரிமையாளரின் இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்த்தே எண்ணப்படலாம் என்பதும் பலர் கவனிக்காதவை. (கடைசியாகச் சொன்னது நம்மவர்களுக்கு மிகவும் பொருந்தும்.) உடல் ஊனத்தால் மெடிகேர் பெறுபவருக்கு வரம்பு 100 பேர், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆள்கணக்கே இல்லை, முதல் 30 மாதங்கள் உங்கள் காப்பீடே முன்னிற்கும்.

மெடிகேர் தொடர்பான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 111-ஆம் பிரிவின்படி, யாருக்குக் குழுக் காப்பீடு உள்ளது, அது எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் முடிந்தது என்ற விவரங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் 2009 முதல் காலாண்டுதோறும் மெடிகேர் நிர்வாகத்துக்குத் தெரிவித்து வருகின்றன. தாமதத்துக்கான அபராத விதிகள் 2024 அக்டோபர் 11 முதல் பொருந்துகின்றன. அபராதம் அவர்களுக்குத்தானே என்று நீங்கள் இருந்துவிடலாம். காப்பீட்டுக்கான பணத்தையும் நிர்வாகத்தையும் நீங்களே ஏற்றிருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான். எப்படியிருந்தாலும், நீங்கள் எழுதிய குறைந்த எண்ணை நம்பி மெடிகேர் தவறாக முதலில் செலுத்திய தொகையைத் திரும்பக் கேட்கும் கடிதம் உங்கள் முகவரிக்கே வரும். 60 நாள்களுக்குள் அதைத் தீர்க்காவிட்டால் வட்டியும் சேரும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. ஓய்வு பெற்றவரின் கடைசி வேலைநாளை நீங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லாமல் விட்டால், மெடிகேரின் பதிவில் உங்கள் காப்பீடு உயிரோடிருப்பதாகவே நிற்கும். மருத்துவமனையின் கிளெய்மை மெடிகேர் மறுக்கும், முடிந்துபோன உங்கள் காப்பீடும் மறுக்கும், பில் அந்த முதியவரின் வீட்டுக்குப் போகும். பல ஆண்டுகள் உங்களுக்காக உழைத்தவர், தான் செய்யாத தவறுக்காகத் தொலைபேசியில் மணிக்கணக்கில் காத்திருப்பார்.

ஆகவே, இந்த ஆண்டுப் படிவம் வரும்போது இரண்டு ஆண்டுகளின் சம்பளப் பதிவுகளையும் கணக்காளரிடமிருந்து வாங்கி, அவற்றைப் பார்த்து நிரப்புங்கள். விலகியவரின் கடைசி நாளை அந்த வாரமே தெரிவியுங்கள். 65 ஆனவரிடம், “மெடிகேருக்கு மாறிவிடுங்கள், ஈடாகச் சம்பளத்தில் ஏதாவது சேர்த்துத் தருகிறேன்” என்று நல்லெண்ணத்தோடுகூடச் சொல்லாதீர்கள். உங்கள் காப்பீடு முதலில் செலுத்த வேண்டிய இடத்தில் அத்தகைய சலுகையைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

இப்படிக்கு,
பணியாளர் காப்பீட்டுக் கணக்குகளைக் கவனிக்கும் ஒருவன்