எங்கள் டீச்சர்கள் மேடையேறிய மாலைக்கு ஒரு நன்றி மடல்

மயிலாடுதுறை,
ஆனி மாதம்.

அன்புடையீர்,

வணக்கம்.

சென்ற சனிக்கிழமை மாலை நம் இசைப்பள்ளியில் பாட்டு டீச்சர், வீணை டீச்சர், வயலின் சார், மிருதங்க சார் நால்வரும் கச்சேரி செய்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் முற்றத்திலும் நடையிலும் வாசல் திண்ணையிலும் உட்கார்ந்து கேட்டீர்கள். அன்றிரவே பலர் போன் செய்து சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் சந்தோஷத்தில் பங்குள்ளவர்கள் சிலர் அன்று மேடைப் பக்கமே வரவில்லை. ஒருவர் ஊரிலேயே இல்லை. அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. பெற்றோர் குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன்.

இப்படி ஒரு கச்சேரி இப்போது எதற்கு என்று சிலர் முன்பு கேட்டிருந்தீர்கள். பள்ளி தொடங்கி 11 வருஷம் ஆகிறது. வருஷா வருஷம் விஜயதசமிக்குப் பிள்ளைகள்தான் மேடையேறுவார்கள். ஆசிரியர்கள் பின்வரிசையில் சுருதிப் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளை வரியை மறந்தால் எடுத்துக்கொடுப்பார்கள். என் மகள் நாலு வருஷமாக வீணை கற்கிறாள். அவளுடைய டீச்சர் ஒரு ராகத்தை முழுசாக வாசித்து அவள் ஒருநாளும் கேட்டதில்லை. வகுப்பில் டீச்சர் வாசிப்பதெல்லாம் அரை ஆவர்த்தனம், கால் ஆவர்த்தனம்தான், அதாவது தாளத்தின் ஒரு சுற்றுகூட முழுசாக இராது. பிள்ளை தப்பு செய்கிற இடத்தில் நிறுத்தி, அந்த இடத்தை மட்டும் வாசித்துக் காட்டி, மறுபடி பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு சரளி வரிசையில் ஆரம்பித்து எட்டு மணிக்கு வர்ணத்தில் முடிகிற வேலை அது. 63 பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்தே இந்த நாலு பேருடைய சங்கீதமும் துண்டு துண்டாகச் செலவாகிக்கொண்டிருந்தது. அது ஒருநாளாவது முழுசாக வெளியே வரவேண்டும் என்று ஆசைப்பட்டோம்.

அவர்களைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் பிடித்தது. பாட்டு டீச்சர் கடைசியாக மேடையில் பாடி 26 வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறை வெளியூரில் ஓரிடத்தில் வாய்ப்புக் கேட்டிருக்கிறார். பாடுவதற்கு இவர் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து தம்புராவுக்கு உறை போட்டு வைத்துவிட்டேன் என்று அவர் எங்களிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. அது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டீச்சர், நீங்கள் ஒப்புக்கொண்டதற்குத்தான் எங்கள் முதல் நன்றி.

வயலின் சார் கும்பகோணத்திலிருந்து வருகிறவர். வாரத்தில் ஆறு நாள் நாலு இடத்தில் வகுப்பு எடுக்கிறார். ஒத்திகைக்கு ஞாயிறு இரவு மட்டும்தான் நேரம் கிடைத்தது. மூன்று மாதமும் ஒத்திகை முடிகிற நேரத்துக்குச் சரியாக வாசலில் பைக்கோடு நின்று, 35 கிலோமீட்டர் அவரை வீட்டிலேயே கொண்டுபோய் விட்டுவந்த இரண்டு அப்பாக்களுக்கும் நன்றி. அவர்களில் ஒருவர் மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பால் வண்டி எடுக்க வேண்டியவர்.

இனி வீணை விஷயம். இதைச் சொல்லும்போது என் தவறையும் சொல்லியாக வேண்டும். கச்சேரிக்கு மூன்று நாள் முன்பு, புதன்கிழமை, வீணை டீச்சர் வீட்டிலிருந்து வீணையை ஒத்திகைக்கு எடுத்துவரும் பொறுப்பு என்னுடையது. வழியில் ஒரு வேலையாகக் காரை நிறுத்தினேன். பத்து நிமிஷம் என்று நினைத்தது இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. உச்சி வெயில், கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. கதவைத் திறந்ததுமே மெழுகு வாசனை அடித்தது. உறையைக் கழற்றினால், தந்திக்குக் கீழே குறுக்காக வரிசையாக நிற்கும் மெட்டுகள் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வீணையில் மெட்டுகளை ஆணி அடித்து நிறுத்துவதில்லை. தேன்மெழுகில் கரித்தூளைச் சேர்த்துத் வீணையின் நீண்ட கழுத்தான தண்டியின் மேல் இரண்டு வரிசையாக வார்த்து, அதில்தான் பதிப்பார்கள். வெயிலில் விட்டால் இளகாமல் என்ன செய்யும்?

டீச்சர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். குடத்தையும் யாளி முகத்தையும் தடவிப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஒண்ணும் ஆகல, மேளம்தான் போயிருக்கு, கட்டிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். மெழுகில் மெட்டுகள் பதிந்த அந்த அமைப்பைத்தான் மேளம் என்பார்கள். அது தஞ்சாவூரில் பலாமரத்தில் செய்த வீணை. செய்தவர் இப்போது இல்லை. அவருடைய மகன் அதே பட்டறையில் வேலை செய்கிறார். அன்றிரவு போன் செய்தேன். கையில் வேறு வேலை இருக்கிறது, பட்டறையை விட்டு வெளியூர் போகிற வழக்கமும் இல்லை என்றார். எந்த வீணை என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்பா குடைஞ்ச குடம் அது. காலைல முதல் வண்டிக்கு வர்றேன்" என்றார்.

வியாழன் காலை எட்டு மணிக்கு வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், மூன்றரை மணிக்குத்தான் எழுந்தார். பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புதிசாகக் காய்ச்சி வார்த்து, 24 மெட்டையும் ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒரு ஸ்தாயிக்கு 12, இரண்டு ஸ்தாயிக்கு 24. ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை மீட்டி, காதைத் தண்டியோடு ஒட்டிக் கேட்டு, மெழுகு இறுகுவதற்குள் மெட்டை மயிரிழை நகர்த்துவார். எதிரில் டீச்சர். "இன்னும் கொஞ்சம் இறக்குங்க, அண்ணா." "இப்பம்மா?" "ம்… இருக்கட்டும்." ஏழரை மணி நேரமும் இவ்வளவுதான் பேச்சு. சுருதி பார்க்கப் போனில் ஆப் இருக்கிறது என்று ஒரு பையன் நீட்டினான். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஸ்வரத்தைச் சொல்லும் தம்பி. தோடி காந்தாரம் எப்படி அசையும்னு அம்மாதான் சொல்லணும்" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று சீக்கிரமே வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் பாடம் இல்லாமலே அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அன்றைய பாடம் அதுதான் என்று டீச்சர் வருகைப் பதிவேட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

கூலியை அளவாக வாங்கிக்கொண்டார். நான் மேலே கொடுத்ததைத் தொடவில்லை. ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மைக் செட் தம்பிக்கு அடுத்த நன்றி. திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் செட் போடுகிறவர். கொண்டுவந்த நாலு பெரிய பெட்டியில் இரண்டைத் திருப்பி அனுப்பச் சொன்னதும் முகம் வாடிப்போனார். வீணைக்கு மைக்கை எங்கே வைப்பது என்று டீச்சரிடம் கேட்டு, முற்றத்தின் கடைசித் தூண் வரை நடந்து நடந்து கேட்டு, ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் தந்தியில் விரல் வழுக்குகிற ஓசைகூடக் கேட்டது. பாதிக் கச்சேரியில் அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

தெருமுனை அம்மன் கோயில் நிர்வாகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நாங்கள் தயங்கித் தயங்கிப் போய்க் கேட்டோம். ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை குழாய் ஒலிபெருக்கியை நிறுத்தி வைத்ததோடு, மேடைக்கு ஒரு கதம்பச் சரமும் கொடுத்தனுப்பினார்கள். வீட்டைப் பள்ளிக்கு விட்டிருக்கும் பாட்டியம்மா, ஜமக்காளம் கொடுத்த கூறைநாட்டு அன்பர்கள், சுண்டலும் கேசரியும் செய்த அம்மாக்கள், வாசலில் அத்தனை செருப்பையும் வரிசையாக அடுக்கிவைத்த பெரிய பையன்கள், எல்லோருக்கும் எங்கள் நன்றி.

வர முடியாதவர்களுக்காகக் கச்சேரியைப் பற்றியும் கொஞ்சம்.

முதல் பாதி வீணை. ஹம்சத்வனியில் ஆரம்பித்து, பிறகு தோடி. அதன் பிறகு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் சிறிய கீர்த்தனை ஒன்று. 1826-இல் பிறந்து 1889-இல் மறைந்தவர். இதே ஊரில் முன்சீப்பாக இருந்தவர். கிறிஸ்தவரான அவர் எல்லாச் சமயத்தாரும் பாடட்டும் என்று இயற்றிய கீர்த்தனைகளில் ஒன்று அது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் போகக்கூடாது என்று டீச்சரே தேடி எடுத்து, மெட்டுப் பழகி வாசித்தார்.

இரண்டாவது பாதி பாட்டு. பாட்டு டீச்சர் வர்ணம் தொடங்கியதும் முன்வரிசைப் பிள்ளைகளின் உதடுகள் தானாக அசைய ஆரம்பித்தன. அவர்கள் தினம் பாடுகிற வர்ணம்தான். இரண்டாம் காலத்தில் டீச்சர் போன வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் ஒவ்வொரு வாயாக நின்றுபோனது. பிரதானமாகக் காம்போதி எடுத்துக்கொண்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை. அவரும் மாயூரத்தில் வாழ்ந்தவர்தானே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்க வந்த உ.வே.சா., சில காலம் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்றதும் இந்த ஊரில்தான்.

ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தாண்டிக் காந்தாரத்துக்குப் போகிற இடத்தில் டீச்சருக்குக் குரல் கம்மிவிட்டது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. வயலின் சார் அந்த இடத்தை நிரப்ப அவசரப்படாமல், பஞ்சமத்தை மட்டும் மெல்லிசாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். (சார், அந்தக் காத்திருப்புக்குத் தனியாக ஒரு நன்றி.) டீச்சர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். அதே பஞ்சமத்திலிருந்து மறுபடி எடுத்து, தைவதத்தில் நின்று, மேலே போய்க் காந்தாரத்தில் நிறுத்தினார். நிறுத்திக்கொண்டே இருந்தார். என் பக்கத்தில் இருந்த ஒன்பது வயதுப் பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்து, "நம்மளதான் திரும்பப் பாடு, திரும்பப் பாடுன்னு சொல்வாங்க. அவங்களும் திரும்பப் பாடுறாங்கம்மா" என்றாள். அந்தப் பெண் இந்த வாரம் வகுப்பில் ஜண்டை வரிசையை ஒன்பது தடவை கேட்காமலே திரும்பப் பாடினாளாம்.

தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் மிருதங்க சார், மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைத் தடவிக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்து, "தினம் உங்களுக்கு நான் தாளம் போடுறேன். இன்னைக்கு நீங்க எனக்குப் போடுங்க. விட்டுடாதீங்க" என்றார். ஆதி தாளம், இரண்டு களை. கடம் வாசித்தது நம் பள்ளியிலேயே படித்து இப்போது பாலிடெக்னிக் போகிற பையன். கால் மணி நேரம் நாற்பது ஐம்பது சின்னக் கைகள் விழுந்து எழுந்தன. நடுவில் பாதிப் பேர் தடுமாறினார்கள். சார் வாசித்துக்கொண்டே தலையை அசைத்துத் தாளம் தொடங்கும் இடமான சமத்தைக் காட்டி அவர்களை மறுபடி சேர்த்துக்கொண்டார். கோர்வை முடிந்து பல்லவி விழுந்தபோது, சரியாகச் சமத்தில் தட்டிவிட்ட சந்தோஷத்தில் பிள்ளைகள் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

வரவு செலவுக் கணக்கைப் பள்ளிப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். மீந்த தொகையில் மிருதங்கம் இரண்டுக்குத் தோல் மூட்டு மாற்றப்போகிறோம்.

தஞ்சாவூர் ஐயா அன்று வர முடியவில்லை. கிளம்பும்போது என்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார். அதன்படி, டீச்சர் தோடி ஆரம்பித்ததும் அவருக்குப் போன் போட்டு மேடை ஓரத்தில் வைத்தேன். ஆலாபனை முடிகிற வரை இணைப்பு அப்படியே இருந்தது. மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"அம்மா நல்லா வாசிச்சாங்க. மேல் ஸ்தாயில 17-ஆவது மெட்டு ஒரு நூல் தள்ளியிருக்கு, தம்பி. அவங்க இழுத்துச் சரிபண்ணி வாசிச்சுட்டாங்க, யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஐப்பசில துலா ஸ்நானத்துக்கு மாயவரம் வருவேன். அப்ப வந்து பாத்துத் தர்றேன். அதுவரைக்கும் வெயில்ல வைக்காதீங்க."

நன்றியுடன்,
வீணை வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா,
பெற்றோர் குழுவுக்காக.